லீவு முடிஞ்சாச்சு... ஜன்னல் சீட் காலி!

எல்லாரும் காலேஜுக்குத் திரும்பி வந்தாச்சா?

'வந்தாச்சு'ன்னு வாய் சொல்லுது. ஆனா மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலையே! உடம்பு மட்டும் மூணாவது பெஞ்சுல உட்கார்ந்திருக்கு. மனசு இன்னும் வீட்டு ஹால்ல, ஃபேனுக்கு நேர் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கு. 'டேய், மணி பத்தாச்சு, பல்லாவது தேய்டா'ன்னு அம்மா கத்துற சத்தம்கூட இனிமையா காதுல கேட்குது. கரெக்டா? எனக்கும் அப்படித்தான் பாஸ். அதனால இந்த வாரம் மேட்டர் அதேதான். லீவு முடிஞ்சு கிளாஸுக்குத் திரும்பி வர்ற மகா சோகம்!

என் ஊர் திருத்தணி. முருகனோட ஆறு படைவீட்டுல அஞ்சாவது. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படின்னு, மலைக்கு 365 படி. மத்த ஊர்ல லீவு முடியப்போகுதுன்னு காலண்டரைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவாங்க. எங்க ஊர்ல அதைப் பம்பைச் சத்தம் சொல்லிடும். ஆடிக் கிருத்திகை நெருங்க நெருங்க, மலர்க் காவடியும் மொட்டைத் தலையும் 'அரோகரா'வுமா ஊரே மஞ்சளாகிடும். சரவணப் பொய்கையில மூணு நாள் தெப்பம். தமிழ்ல பாதி, தெலுங்குல பாதின்னு வேண்டுதல் கேட்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல முதுகுல பையை மாட்டிக்கிட்டு, சோகமா எதிர்த்திசையில ஸ்டேஷனுக்கு நடந்து போற ஜீவன் யாருன்னு பார்த்தீங்கன்னா... நாங்கதான். இன்ஜினீயரிங் பசங்க!

கொடுமை என்னன்னா, எங்க மாவட்டத்துக்கு அன்னைக்கு உள்ளூர் விடுமுறை விடுவாங்க. நான் படிக்கிற காலேஜ் பக்கத்து மாவட்டத்துல இருக்கு. 'உங்க ஊர் முருகனுக்கு எங்க ஊர்ல லீவு கிடையாது தம்பி'ன்னு சிரிச்சுக்கிட்டே அட்டெண்டன்ஸ் எடுப்பாங்க.

தெருமுனை டீக்கடை அக்கா, 'ஏமி பாபு, செலவுலு அயிபோயாயா?'ன்னு கேட்டாங்க. லீவெல்லாம் முடிஞ்சிடுச்சான்னு அர்த்தம். எல்லை ஊருங்க இது, பாதிப் பேர் ரெண்டு பாஷைலயும் கலாய்ப்பாங்க. 'அயிபோயிந்தி அக்கா'ன்னு அழாத குறையா சொல்லிட்டு டீயைக் குடிச்சேன்.

ரயில் பெட்டியில் ஒரு ராஜ்ஜியம்

விடிகாலை லோக்கல். திருத்தணியில ஏறினா அரக்கோணம், திருவாலங்காடு, கடம்பத்தூர்னு ஆடி அசைஞ்சு திருவள்ளூர் வரும். அங்கே இறங்கி பஸ். சென்ட்ரல் வரைக்கும் போறவங்க இன்னும் நாற்பது கிலோமீட்டர் தூங்கலாம், கொடுத்து வெச்சவங்க! அரக்கோணத்துக்கு அப்புறம் நாங்க தலையாட்டித் தூங்குற அந்தத் தடம் லேசுப்பட்டது கிடையாது. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா வரைக்கும் தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ஓடின தடம். நூத்தி அறுபது வருஷத்துக்கு மேல எத்தனை பேர் அதுல தூங்கிக்கிட்டே போயிருப்பாங்களோ!

போன வருஷம் வரைக்கும் எங்க பெட்டியில ஒரு சட்டம் இருந்துச்சு. இடது பக்கம் மூணாவது ஜன்னல் ஒருத்தனுக்கு மட்டும்தான் சொந்தம். அவன் பேரைப் போடவேண்டாம்னு சொல்லிட்டான், அதனால 'ஜன்னல் சீட்'னே வெச்சுக்குவோம். பொதட்டூர்பேட்டை பக்கம் வீடு. எங்களுக்கெல்லாம் முன்னாடி எழுந்து, முதல் பஸ்ஸைப் பிடிச்சு திருத்தணி ஸ்டேஷனுக்கு வந்து, ரயில் வந்து நின்னதும் முதல் ஆளா ஏறுவான். அதனால ஜன்னல் அவனுக்குத்தான். நியாயம்தானே?

வைவாவுல எக்ஸ்டர்னல் முன்னாடி நின்னா ஓம்ஸ் விதிக்கே திக்குவான். ஆனா பொன்பாடியைத் தாண்டினா ஒரு ஸ்டேஷன் இருக்கு பாருங்க, வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, இந்திய ரயில்வேயிலேயே ரொம்ப நீளமான பேருங்கள்ல ஒண்ணு... அதை ஒரே மூச்சுல பத்து தடவை சொல்லுவான். 'வைவாவுல இதைக் கேட்டா நான் கோல்டு மெடல்டா'ன்னு சொல்லிச் சிரிப்பான்.

மூணாவது செமஸ்டர் ஆரம்பிச்சு ஒரு மாசத்துல, போன ஆடிக் கிருத்திகைக்குக் கொஞ்சம் பின்னாடி, அவன் வரலை. அடுத்த நாளும் வரலை. அவங்க அப்பாவுக்குப் பக்கவாதம். வீட்டுல இருக்கிறது ரெண்டு விசைத்தறி. அதை ஓட்ட ஆள் வேணும். 'ஒரு வாரத்துல வந்துடறேன் மச்சான்'னு மெசேஜ் வந்துச்சு. அந்த ஒரு வாரம் இன்னும் முடியலை.

முதல் நாள், முதல் பீரியட்

அதுக்கு முன்னாடி காலேஜ் முதல் நாள் கதையைச் சொல்லிடறேன். ஐ.டி. கார்டைத் தேடினேன். பீரோவுக்கு அடியில இருந்துச்சு. அதுல இருந்த முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு கிலோ கறி வித்தியாசம். அம்மா சமையல்! லேப் கோட்டைப் பையில இருந்து எடுத்தா போன செமஸ்டர் சாம்பார் வாசனை. ரெக்கார்டு நோட்டுல தம்பி கிரிக்கெட் ஸ்கோர் எழுதியிருந்தான்.

முதல் பீரியட்ல சார் போர்டுல ஒரு சமன்பாட்டை எழுதிட்டு, 'இது போன செமஸ்டர்லயே பார்த்ததுதானே?'ன்னார். கிளாஸே மயான அமைதி. சத்தியமா எனக்கு அதை எங்கேயும் பார்த்த ஞாபகம் இல்லை. அதே சமன்பாட்டுக்குப் பதினாறு மார்க் வாங்கின பேப்பர் என்னோடதுதான்!

உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தா பயப்படாதீங்க. ஜெர்மனியில ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒருத்தர் இருந்தார். அர்த்தமே இல்லாத அசைகளா உருவாக்கி, தானே மனப்பாடம் பண்ணி, எத்தனை மணி நேரத்துல எவ்வளவு மறக்குதுன்னு கணக்கு எடுத்தார். 1885-ல புத்தகமாவே போட்டுட்டார். படிச்ச கையோட சரசரன்னு மறந்துடுமாம். அப்புறம் மறக்குற வேகம் குறையுமாம். இது நமக்கே தெரியும், எக்ஸாம் ஹாலை விட்டு வெளிய வந்ததும் நடக்குறதுதான். ஆனா அவர் இன்னொண்ணும் கண்டுபிடிச்சார். சுத்தமா மறந்துட்டோம்னு நினைக்கிறதைத் திரும்பப் படிச்சா, முதல் தடவை ஆனதைவிடக் குறைஞ்ச நேரத்துல மண்டையில ஏறுதாம். உள்ளே எங்கேயோ ஒரு மிச்சம் இருக்கு. அந்த மிச்சத்தைத்தான் அவர் அளந்தார்.

ஸோ, முதல் வாரம் ஒண்ணும் புரியலைன்னா நாம மக்குன்னு அர்த்தம் கிடையாது. பழைய நோட்டை ரெண்டு ராத்திரி புரட்டினா திரும்பி வந்துடும். நான் புரட்டினேன். வந்துடுச்சு. பதினாறு மார்க்குக்கு வரலை, எட்டு மார்க்குக்கு வந்துச்சு. ஹி... ஹி...

மியூட் பண்ணின நட்பு

அன்னைக்குச் சாயங்காலம் ரயில்ல வரும்போது பார்த்தேன். மூணாவது ஜன்னல்ல யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்து தூங்கிக்கிட்டிருந்தார். அப்பதான் உறைச்சது. அவன் வராம முழுசா ஒரு வருஷம் ஆகப்போகுது!

உங்ககிட்ட ஒரு உண்மையை ஒப்புக்கணும். முதல் மாசம் தினமும் போன் பண்ணினேன். ரெண்டாவது மாசம் வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் இன்டர்னல், சிம்போசியம், செமஸ்டர். தீபாவளிக்கு ஒரு வாழ்த்து. பொங்கலுக்கு ஃபார்வர்டு மெசேஜ். அதுக்கப்புறம் எதுவும் இல்லை. எங்க வாட்ஸ்அப் குரூப்புல அவன் இன்னும் இருக்கான். நாங்க 'நாளைக்கு லேப் இருக்கா?', 'ஆன்சர் கீ அனுப்பு'ன்னு அடிக்கிற நூத்துக்கணக்கான மெசேஜும் அவனுக்கும் போய்க்கிட்டுதான் இருந்திருக்கு. ஒரு வருஷமா, தறிக்குப் பக்கத்துல நின்னு அதைப் படிச்சிருக்கான். எங்கள்ல ஒருத்தனுக்கும் அது தோணலை பாருங்க.

ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிட்டேன்.

தெருவுக்குள்ள நுழையும்போதே டடக் டடக்னு சத்தம். அந்தப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு தறிதான். பேசணும்னா ஒண்ணு கத்தணும், இல்லைன்னா வெளிய வரணும். அவங்க அம்மா என்னைப் பார்த்ததும், 'ரா பாபு, கூர்ச்சோ'ன்னு முகமெல்லாம் சிரிப்பா கூப்பிட்டாங்க. அவன் தறிகிட்ட நின்னுக்கிட்டிருந்தான். பாவுல ஒரு இழை அறுந்திருந்துச்சு. தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடி எடுத்து, சின்னதா ஒரு முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட விட்டான். முடிச்சு எங்கே இருக்குன்னு நான் குனிஞ்சு தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியலை.

'இன்னாடா, திடீர்னு?'ன்னான்.

'சும்மாதான்'னேன். ஒரு வருஷம் கழிச்சு வந்து 'சும்மாதான்'. வெட்கமா இருந்துச்சு.

அவங்க அப்பா இப்ப எழுந்து நடக்குறார். வலது கை மட்டும் இன்னும் சரியா வரலை. ஒரு தறியை அம்மா பார்த்துக்குறாங்க. வெளிய திண்ணைக்கு வந்ததும் கேட்டேன், 'எப்பதான்டா வருவே?'

அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதறேன். 'வரலாம் மச்சான். ஆனா நீங்கள்லாம் மூணாவது வருஷம். நான் போய் ஜூனியர் பசங்களோட உட்காரணும். போன வருஷம் என்னை அண்ணான்னு கூப்பிட்டவன் பக்கத்துல உட்கார்ந்து நோட்ஸ் கேட்கணும். அட்டெண்டன்ஸ்ல அவனுங்க பேருக்கெல்லாம் அப்புறம் கடைசியா என் பேரு. அதுக்கு இதுவே பரவாயில்லைடா.'

பணப் பிரச்னைன்னு நினைச்சுக்கிட்டுதான் நான் போனேன். பணமும் ஒரு பிரச்னைதான், மறுக்கலை. ஆனா அவனைத் தடுத்து நிறுத்தினது அந்தக் கடைசி ரோல் நம்பர்.

நாலு வரி லெட்டர்

மறுநாள் காலேஜ் ஆபீஸுக்குப் போனேன். எங்க துறைத் தலைவர் மேடம்கிட்டயும் கேட்டேன். அவங்க சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுத்திடுச்சு. உங்களுக்கும் என்னைக்காவது உதவும், கவனமா படிங்க.

அண்ணா பல்கலைக்கழக விதியிலேயே 'படிப்பு இடைவெளி'ன்னு ஒண்ணு இருக்கு. உடம்பு சரியில்லை, குடும்பத்துல கஷ்டம்னா, முன்கூட்டியே எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கிட்டு அதிகபட்சம் ஒரு வருஷம் நின்னுட்டுத் திரும்பி வரலாம். அப்படி முறையா அனுமதி வாங்கிட்டா, அந்த ஒரு வருஷத்தைக் காட்டி டிகிரி கிளாஸ்ல கையை வைக்கமாட்டாங்க. நாலு வருஷ பி.இ.-யை மொத்தம் ஏழு வருஷத்துக்குள்ள முடிக்கணும், அவ்வளவுதான். 'அன்னைக்கு நாலு வரி லெட்டர் கொடுத்திருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்பா. நின்னுட்டான்னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஏன் நின்னான்னு ஒருத்தரும் வந்து சொல்லலையே'ன்னாங்க மேடம்.

ஒருத்தரும்னா யாரு? நான்தான். தினமும் அவன் பக்கத்துல உட்கார்ந்து வந்தவன் நான்தானே!

சரி, இப்ப என்ன வழின்னு கேட்டேன். லெட்டர் கொடுக்காம நின்னவங்களும் முதல்வர் வழியா மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். எந்த செமஸ்டர்ல விட்டாங்களோ அங்கே இருந்து தொடங்கணும். அப்பாவோட மருத்துவச் சான்றிதழ், அவன் எழுதின கடிதம், ரெண்டையும் எடுத்துக்கிட்டு அவனை நேர்ல வரச் சொன்னாங்க. கதவு பூட்டியிருக்குன்னு ஒரு வருஷமா நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம். அது சும்மா சாத்திதான் இருந்திருக்கு.

தாத்தா எழுதின ரெண்டாவது 'அ'

போன்ல விதியெல்லாம் ஒப்பிச்சேன். 'பார்க்கலாம்டா'ன்னான். அந்தப் 'பார்க்கலாம்'க்கு என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாதா? 'ஒரு நாள் வீட்டுக்கு வாடா, ஆடிக் கிருத்திகைக்கு'ன்னு கூப்பிட்டேன். வந்தான்.

கூட்டம் குறைஞ்ச நேரமா பார்த்து, என் தாத்தாவோட அடிவாரப் படியில போய் உட்கார்ந்தோம். தாத்தாவுக்கு எழுபத்தஞ்சு தாண்டியாச்சு. எல்லாப் படியும் ஏற முடியாது. கீழ் படியில உட்கார்ந்துக்கிட்டு ஏறுறவங்களை வேடிக்கை பார்ப்பார். நான் ஒண்ணும் சொல்லிவைக்கலை. சத்தியமா! அவரா கேட்டார், 'ஏம்பா, காலேஜுக்குப் போறதில்லையாமே?' இவன் ஜூனியர் பசங்க மேட்டரைச் சொன்னான்.

தாத்தா சிரிச்சார். 'நான் ரெண்டு தடவை அரிச்சுவடி படிச்சவன், தெரியுமா?'ன்னார்.

கதை இதுதான். 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தப்போ, சித்தூர் மாவட்டம் அதோட போச்சு. திருத்தணி அப்ப சித்தூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு. வடக்கு எல்லையைக் காப்பாத்தணும்னு ம.பொ.சி. போராடினார். இந்த ஊர்ல மங்கலங்கிழார், விநாயகம் மாதிரி ஆட்கள் கூட்டம் போட்டாங்க, மறியல் பண்ணினாங்க, ஜெயிலுக்குப் போனாங்க. படாஸ்கர்னு ஒருத்தரை மத்தியஸ்தம் பண்ண வெச்சாங்க. அவர் சொன்னதை ஒட்டி 1959-ல சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோட சேர்ந்துச்சு. இதெல்லாம் பொது அறிவு புத்தகத்துல இருக்குற கதை. தாத்தா சொன்னது புத்தகத்துல இல்லாத கதை.

'அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் எனக்குப் பள்ளிக்கூடத்துல தெலுங்கு. வீட்டுல தமிழ் பேசுவோம், ஆனா எழுதத் தெரியாது. அந்த வருஷம் முழுப் பரீட்சை லீவு முடிஞ்சதும் எங்கப்பா என்னைத் தமிழ் வகுப்புல கொண்டுபோய்ச் சேர்த்துட்டார். தமிழ் எழுத வரலைன்னு ரெண்டு வகுப்பு இறக்கி உட்கார வெச்சாங்க. எனக்குப் பதினொரு வயசு. பக்கத்துல இருக்கிற பொடியனுக்கு எட்டு வயசு. அவன் கடகடன்னு எழுதறான், நான் சிலேட்டுல 'அ' போடறேன். எல்லாப் பசங்களும் சிரிச்சானுங்க. முதல் நாள் சாயங்காலம் இந்தப் படியிலதான் வந்து உட்கார்ந்து அழுதேன். இனி பள்ளிக்கூடமே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.'

'அப்புறம்?'ன்னு ஜன்னல் சீட் கேட்டான்.

'அப்புறம் இன்னா? மறுநாள் காலையில எங்கப்பா எழுப்பி அனுப்பிட்டார். ஒரு மாசம் சிரிச்சானுங்க. ரெண்டாவது மாசம் அவனுங்களுக்கே அலுத்துப்போச்சு. அந்தப் பொடியன்தான் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தான். இப்பவும் சந்தை நாள்ல பார்த்தா நின்னு பேசுவான். இப்ப நான் ரெண்டு பாஷைலயும் பேப்பர் படிக்கிறேன். அவனுக்கு ஒண்ணுதான் வரும்!'

யோசிச்சுப் பாருங்க மக்களே. எங்க ஊரே ஆறரை வருஷம் பிரேக் விட்டுத் திரும்பி வந்த ஊர்தான்! இவ்வளவு நாளா அந்தப் படியில ஏறி இறங்குறேன், எனக்கு இது தோணினதே இல்லை.

ஜன்னல் சீட் ரொம்ப நேரம் பேசலை. பொய்கைப் பக்கம் தெப்பத்துக்கு விளக்கு போட்டுக்கிட்டிருந்தாங்க. கடைசியா, 'லெட்டர் எப்படி எழுதணும்டா?'ன்னு கேட்டான்.

படியிலேயே உட்கார்ந்து எழுதினோம். நாலு வரிதான்.

திரும்பி வர்றவங்களுக்கு சில டிப்ஸ்

என்னடா, கருத்து கந்தசாமி ஆயிட்டானேன்னு திட்டாதீங்க. இதெல்லாம் நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

● முதல் வாரம் லீவு போடாதீங்க. செமஸ்டருக்கு 90 நாள்னு வெச்சுக்குங்க. 75 சதவிகிதம்னா 68 நாள் போகணும். கையில இருக்கிற லீவு 22. 'முதல் வாரம் ஒண்ணும் நடத்தமாட்டாங்க'ன்னு அஞ்சு நாள் கட் அடிச்சா, கிட்டத்தட்ட கால்வாசி காலி! அப்புறம் நிஜமாவே காய்ச்சல் வரும்போது கையில லீவு இருக்காது.

● ரயில்ல வர்றவங்க முதல் வேலையா காலேஜ்ல சான்றிதழ் வாங்கி மாணவர் சலுகை சீசன் டிக்கெட்டைப் புதுப்பிச்சுடுங்க. 'நேத்து வரைக்கும் இருந்துச்சு சார்'ங்கிற டயலாக் டிக்கெட் பரிசோதகர்கிட்ட எடுபடாது. அனுபவம்!

● எல்லாப் புத்தகத்தையும் புதுசா வாங்காதீங்க. சீனியர்கிட்ட கேளுங்க. 1888-ல எங்க ஊர்ல பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், காலேஜ்ல தத்துவம் எடுத்ததுக்கே காரணம், படிச்சு முடிச்ச உறவுக்காரர் ஒருத்தர் தன்னோட தத்துவப் புத்தகங்களைக் கொடுத்ததுதான்னு சொல்வாங்க. புதுப் புத்தகம் வாங்கக் கையில காசு இல்லை, கிடைச்ச புத்தகத்தையே படிச்சார். ஜனாதிபதியே ஆகிட்டார். 1962-ல இருந்து அவர் பிறந்தநாள்தான் நமக்கு ஆசிரியர் தினம். நமக்கு பழைய புத்தகத்துல அரியராவது கிளியர் ஆகாதா?

● அரசுப் பள்ளியில படிச்சு வந்தவங்க, மாசம் 1000 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிச்சாச்சான்னு பாருங்க. பெண்களுக்கு 'புதுமைப் பெண்' 2022 செப்டம்பர்லயும், பசங்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட்லயும் தொடங்கினாங்க. பஸ், டீ, ஜெராக்ஸ்... எவ்வளவோ சமாளிக்கலாம்.

● வீட்டுல ஏதாவது பிரச்னையாகி நிக்க வேண்டி வந்தா, நிக்கிறதுக்கு முன்னாடி எழுதிக்கொடுங்க. யார்கிட்டன்னு தெரியலையா? துறைத் தலைவர்கிட்ட போங்க. போக முடியலைன்னா நண்பனை அனுப்புங்க. மனசு ரொம்ப பாரமா இருந்தா 14416-க்குப் போன் போடுங்க. 'டெலி மானஸ்', காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

● கடைசியா ஒண்ணு. இந்த வாரம் உங்க கிளாஸ்ல ஒரு ரவுண்டு பாருங்க. லீவுக்கு முன்னாடி இருந்து இப்ப காணாமப்போன முகம் யாருது? யார் பேரைக் கூப்பிட்டப்போ 'ஆப்சென்ட் சார்'னு கோரஸா கத்தினீங்க? அவங்களுக்கு இன்னைக்கே ஒரு போன் பண்ணுங்க. மெசேஜ் வேணாம், போன். முடிஞ்சா பஸ் ஏறிடுங்க.

நாளைக்கு என்ன?

ஜன்னல் சீட் என்ன ஆனான்னுதானே கேட்கறீங்க? லெட்டரைக் கொடுத்தாச்சு. முதல்வர் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பியிருக்கார். இன்னும் பதில் வரலை. வந்தா, தறிக்கு ராத்திரி ஷிஃப்டு பார்க்க அவன் மாமா பையன் வர்றதா சொல்லியிருக்கான். லீவு நாள்ல இவனே ஓட்டுவான். 'ரெண்டையும் எப்படிடா சமாளிப்பே?'ன்னு கேட்டா, 'தெரியலை'ங்கறான். எனக்கும் தெரியலை. அவங்க அப்பா மட்டும் இடது கையால டம்ளரைப் பிடிச்சுக்கிட்டே சொன்னார், 'தறி எங்கேயும் ஓடிப்போகாது. நீ போய்ட்டு வாடா.'

போன வெள்ளிக்கிழமை ஜூனியர் பையன் ஒருத்தன் ரயில்ல என்கிட்ட வந்தான். 'அண்ணா, பொதட்டூர்பேட்டை அண்ணா எங்க கிளாஸுக்கு வரப்போறாராமே? மூணாவது செமஸ்டர் நோட்ஸ் அவர்கிட்ட பழசு இருக்குமா? கேட்டுச் சொல்றீங்களா?'ன்னான். போன் போட்டு அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், 'முதல் ரெண்டு யூனிட் இருக்குடா. எடுத்து வெக்கறேன்னு சொல்லு'ன்னான்.

இப்பல்லாம் திருத்தணியில ரயில் வந்து நின்னதும் முதல் ஆளா நான் ஏறறேன். மூணாவது ஜன்னல்ல என் பையை வெக்கறேன். அரக்கோணத்துல ஏறுற அண்ணாச்சிங்க, 'தம்பி, யாருப்பா வராங்க?'ன்னு கேட்கறாங்க.

'வருவான் சார்'ங்கறேன். அரக்கோணம் தாண்டினதும் பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு இடம் விட்டுடறேன். அடி வாங்க முடியாதுல்ல!

சரி மக்களே, நாளைக்கு முதல் பீரியட் அதே சமன்பாட்டு சார். நோட்டைப் புரட்டணும். அடுத்த வாரம் பார்க்கலாம்... கிளாஸ்ல தூங்காம இருங்க!